ஆனியில் உதிரும் தேசி

முதல் இலையை நான் பொருட்படுத்தவில்லை.
கூட்டிய குவியலில் பச்சையாய் ஒன்று,
காம்புகூட வாடாமல்.
மறுநாள் ஏழு.
அதற்குப் பிறகு எண்ணுவதை விட்டுத்
திகதி எழுதிய உறைகளில் போடத் தொடங்கினேன்.
ஆசுபத்திரி ஆய்வுகூடத்தில்
பதினொரு வருஷம் பிறத்தியார் இரத்தம் பார்த்தவளுக்கு
வேறென்ன தெரியும்?

மத்திய வீதி உரக்கடையில் நவாஸ்தீன்
இலையை வாங்கி வெளிச்சத்துக்குப் பிடித்தார்.
“பங்கசு” என்றார்,
நீலத் தூள் பொதியொன்றை நீட்டியபடியே.
கூட வேலை செய்யும் புஷ்பமலர்
“வளவுக்குள்ள ஆர் வந்து போனது?” என்றாள்.
பழஞ்செருப்பொன்றைக் கிளையில் கட்டச் சொன்னாள்.
இவர்
“கச்சான் காத்துக்கு எல்லாம் கொட்டும்தானே” என்றார்,
பேப்பரிலிருந்து தலை எடுக்காமல்.

செருப்பையும் கட்டினேன். தூளையும் அடித்தேன்.
காற்று அதன் பாட்டுக்கு அடித்தது.
உறைகள் மேசை லாச்சியை நிறைத்தன.

ஒரு போயா நாள் எல்லாவற்றையும்
பாயில் பரப்பி வைத்தேன்.
புள்ளிக்கொரு குணம் உண்டு.
மஞ்சள் வளையம் கட்டி நடுவே சொரசொரத்தால் சொறி.
வெள்ளிக் கோடு கிறுக்கியிருந்தால்
தோலுக்கடியில் ஒரு புழு குடித்தனம்.
நரம்பு பச்சை, இடையெல்லாம் வெளிறல் என்றால் பசி.
என்னிடம் சொறி இருந்தது,
மூன்றே மூன்று இலையில்.
மற்றதெல்லாம் நுனியில் கருகத் தொடங்கி
ஓரம் பிடித்து உள்ளே வந்திருந்தன.
கிருமி இப்படி வரிசையாய் வராது.
இது விளிம்பில் ஏறி, நின்று, பிறகு இன்னும் கொஞ்சம்.
கரையில் தண்ணீர் ஏறுவதை
தினமும் பார்க்கிற ஊரில்தான் இருக்கிறேன்,
இருந்தும் பிடிபடவில்லை.

இரசாயனம் படிப்பிக்கும் துஷ்யந்தி
சின்னப் போத்தலில் வெள்ளி நைத்திரேற்று தந்தாள்.
பைப் தண்ணீரில் மூன்று துளி: லேசாய் மங்கல்.
கிணற்றுத் தண்ணீரில் மூன்று துளி:
பால்.

மதிலுக்கு அப்பால் ஜெகதாசின் விடுதி.
ஆறு அறை, சீசன் காலம்,
நாளுக்கு மூன்று தரம் குளிக்கிற வெள்ளைக்காரர்.
போகும் வழியெல்லாம் வசனங்களை அடுக்கினேன்,
வழி என்ன, இருபது அடி.
அவன் என்னைக் கதிரையில் இருத்திவிட்டுப்
பவுசர்காரனின் பற்றுச்சீட்டுக் கட்டை எடுத்து வைத்தான்.
“என்ர கிணறு போன வருஷமே மூடியாச்சு, அக்கா.
நீங்கள் ஆழமாக்கின மாசம்தான்.”

போன ஆவணியில்
ஆறடி இறக்கினோம்.
புது மோட்டர், ஒரு குதிரை வலு.
பத்து நிமிஷத்தில் தாங்கி நிரம்பி வழிந்ததைப் பார்த்து
புக்கை பொங்கி மதில் மேலால் அவனுக்கும் கொடுத்தோம்.
கீழே நன்னீர் ஒரு மெல்லிய ஆடை.
கிழித்தது நாங்கள்.

அன்றிரவுதான் நினைவு வந்தது:
தேத்தண்ணி ஏதோ மாதிரி என்று
மாசியிலிருந்து ஆளுக்கு அரைக் கரண்டி
சீனி கூட்டியிருக்கிறோம்.
ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை.
தேசிக்குச் சீனி இல்லை.
அது வாங்கிய உப்பை இலை இலையாய்க் கொண்டுபோய்
ஓரத்தில் வைத்து,
இலையோடு கழற்றி எறிந்தது.
உப்புவெளி என்று விலாசம் எழுதி எழுதியே
கை தேய்ந்தவள் நான்.

இப்போது ஏசி சொட்டும் தண்ணீரை வாளியில் பிடிக்கிறேன்.
ஒரு இரவுக்கு முக்கால் வாளி.
மோட்டரை விற்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.
நேரத்தைக் குறைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.
செருப்பு இன்னும் தொங்குகிறது.

நேற்று, மொட்டைக் கொப்பின் முள்ளுக்குப் பக்கத்தில்
நகமளவு தளிர்.
அதில் அதற்குள்ளேயே
ஒரு வெள்ளிக் கோடு.
ஒருத்தி நோயைப் பார்த்துச் சிரிப்பதை
நவாஸ்தீன் கண்டிருந்தால் பொதியை மாற்றித் தந்திருப்பார்.
காய்ந்த இலையில் எந்தப் புழுவும் கோடு கீறாது.
இன்றைய திகதி போட்ட உறையில்
ஒன்றும் இல்லை.