பொன் முளைத்த தட்டு

ஜனவரியில் டார்ட்டு நகரத்து ஆறு உறைந்துவிடும்.
வீட்டுக்குள் வெப்பக்குழாய்கள்
காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் குடிக்கும்.
மாரிக்காவின் முழங்கை மடிப்பு
அப்போதுதான் விழித்துக்கொள்ளும்.

இரவு இரண்டு மணிக்கு நகங்கள் தாமாக நடக்கும்.
விடிந்து பார்த்தால்
போர்வையில் மரத்தூள் மாதிரி செதில்,
அங்கங்கே ரத்தம்.

பகலில் அவள் வேலை
ஊரார் புண்ணையும் சளியையும்
தட்டில் விதைத்து
மறுநாள் விளைச்சல் பார்ப்பது.
பதினாறு வருடத்தில்
தன் கையை மட்டும் விதைத்ததில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, எல்லோரும் போனபின்,
பஞ்சுக்குச்சியால் மடிப்பைத் துடைத்து
ஆட்டு ரத்தம் கலந்த தட்டில் கோடிழுத்தாள்.
நோயாளி பெயர் என்ற இடத்தில்
செத்துப்போன பூனையின் பெயரை எழுதினாள்.

திங்கள் காலை மூடியைத் திறந்தால்
பொன்.
குண்டுமணித் தங்கம் இல்லாதவள் கையில்
நூறு நூறாய்ப் பொன்மணிகள்,
ஒவ்வொன்றையும் சுற்றி
ரத்தம் கரைந்துபோன வளையம்.
ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ்.
பெயரிலேயே தங்கம்.

தோலில் ஓர் ஊர் இருக்கிறது.
வெள்ளைச் சிற்றுயிர்கள் அங்கே
நம் எண்ணெயில் பிழைத்து,
வம்புக்கு வருகிறவனை விரட்டி,
வாடகையை அப்படித் தீர்க்கும்.
காரை உதிர்ந்த சுவரில் மழை இறங்குவதுபோல
பொன் இறங்கும்.
ஒண்ட வந்த பிடாரி
ஊர்ப் பிடாரியை ஓட்டியதாம்.
அதன் நொதி நரம்பைத் தட்டும்,
நரம்பு நகத்தைக் கூப்பிடும்,
நகம் போய்க் கதவைத் திறக்கும்,
இன்னும் வாருங்கள் என்று.

குற்றம் சுவர்மீதா, வந்தவன்மீதா?
ஆய்வுக்கூடத்தில்
இந்தக் கேள்விக்குப் படிவம் இல்லை.

பனிச்சறுக்குப் பலகையை எடுத்துப்போக
ஊர்மஸ் வந்தான்.
விவாகரத்தாகி ஏழு மாதம்.
"சட்டைக் கையைக் கொஞ்சம் சுருட்டேன்."
"எதற்கு?"
"உனக்கு ஒருநாளும் அரித்ததில்லை."
பஞ்சுக்குச்சி மேலும் கீழும் போனது.
கூச்சத்தில் சிரித்தான்.
பதினோரு வருடத்தில் அந்த இடத்தை
இத்தனை கவனமாய் அவள் தொட்டதில்லை.

இந்தமுறை ஒரே தட்டு.
பரப்பு முழுதும் அவள் பொன்,
நடுவே அவன் வெள்ளைப் பொட்டு.
இரண்டு இரவுக்குப் பின்
வெள்ளையைச் சுற்றி,
ஒரு மில்லிமீட்டர் இருக்கும், இரண்டும் இருக்கலாம்,
ஒன்றும் முளைக்காத வெளி.
விளக்கில் பிடித்துப் பார்த்தாள்.
அளவுகோலை வைத்தாள்.
எழுதிக்கொள்ளவில்லை.

சொல்லலாமா அவனிடம்?
என்னவென்று?

தட்டைக் கழிவுப்பையில் போட்டு
நீராவிக் கொப்பரைக்கு அனுப்பினாள்.
மாலையில் களிம்பு வாங்கினாள்.
வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊறி,
ஈரம் காயுமுன் பூசினாள்
கை நெடுக, கொத்தனாரைப் போல.

இரவு இரண்டு மணி.
விரல்கள் எழுந்தன,
களிம்பில் வழுக்கின,
திரும்பப் படுத்துக்கொண்டன.

மூன்று மணிக்கு மறுபடி எழுந்தன.