முந்நூறு மைக்ரான்

தசைன் விடுமுறைக்கு நான்கு நாள் இருக்கையில்
குழியிலிருந்து சக்கரத்தைத் தூக்கியது கிரேன்.
மழைக்காலம் முழுக்க மர்ஸ்யாங்தியைக் குடித்த சக்கரம்,
சேறு வடிய வடிய வந்தது.
"துடையுங்கள்" என்றாள் பினிதா தூலாதர்.
துடைத்தோம்.

அசார் பிறந்துவிட்டால் இந்த ஆற்றில்
வருவது நீர் இல்லை, மலை.
அரைபட்ட மலை, குவார்ட்ஸ் பல்லோடு.
உருக்கை அது கடிப்பதில்லை;
நக்கும். நக்கியே தின்னும்.

இரண்டாம் எண் சக்கரத்துக்குப் பூச்சில்லை, பணம் போதவில்லை.
அதன் இலை விளிம்புகள்
எலி தின்ற ரொட்டி போல ஓரத்தில் கிடக்கின்றன.

ஒன்றாம் எண்ணுக்கு அடித்தவன் நான்,
புட்வல் பட்டறையில், பங்குனி வெயிலில்,
காதடைப்பின் மேல் காதடைப்பு மாட்டி.
பூச்சு என்பது பேச்சுக்குத்தான்.
ஒலியை முந்தி ஓடும் டங்ஸ்டன் கார்பைடுப் பொடி
இரும்பில் மோதி அப்பளமாய்த் தட்டையாகும்,
உறையும்,
அதன் முதுகில் அடுத்தது.
அப்படி முந்நூறு மைக்ரான். நாலைந்து மயிரின் தடிமன்.

இப்போது கருவியை வைத்து அளக்கிறாள்:
இருநூற்று எண்பத்தொன்று.
இருநூற்று எழுபத்தொன்பது.
விளிம்பில் இருநூற்றுப் பத்து.
மேலாளர் சிரிக்கிறார்.

பிறகு டார்ச்சை உள்ளே செலுத்துகிறாள்,
இலைக்கும் இலைக்கும் இடையே,
என் துப்பாக்கியின் மூக்கு நுழையாத சந்தில்.
ஆறு நுழைந்திருக்கிறது.
கட்டைவிரல் போகும் அளவுக்கு ஓட்டை.
நான் விரலை விட்டுப் பார்த்தேன், எதற்கென்று தெரியவில்லை.
யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை.

மாலையில் உருப்பெருக்கியில் காட்டினாள்:
கார்பைடு மணிகள் அப்படியே இருக்கின்றன, கூர் மழுங்காமல்.
போனது அவற்றைப் பிடித்திருந்த கோபால்ட்.
மெத்தென்றிருந்தது முதலில் கரைய,
பிடி விட்ட மணி
தேயாமலே உதிர்கிறது.

"எத்தனை மழை தாங்கும்?" மேலாளர் கேட்டார்.
அவள் மூடியைத் தேடி எடுத்துக் கண்ணாடியை மூடினாள்.

நவமியன்று ஆடு வெட்டி
இந்த இயந்திரத்துக்கும் ரத்தம் தொட்டு வைப்பார்கள்.
அதுவும் ஒரு பூச்சு. தடிமன் யாரும் கேட்பதில்லை.

நான் இரவெல்லாம்
உதிர்ந்த மணிகளை நினைத்துக் கிடந்தேன்.
ஆற்றின் எந்த மணலையும்விடக் கடியவை,
என் கையால் அடித்தவை,
இந்நேரம் மணலோடு மணலாய்
கீழே போய்க்கொண்டிருக்கும்.

கீழே, பதினோரு கிலோமீட்டரில்,
இன்னொரு மின்நிலையம் இருக்கிறது.