நான்கு மில்லிமீட்டர்

வேலூர்க் கோட்டை அகழியை ஒட்டி
ஞாயிறு காலை சாக்கு விரிப்பவர்களிடம்
நின்றுபோன கடிகாரங்களுக்கும் ஒற்றைக்கால் கண்ணாடிகளுக்கும் நடுவே
ஒன்றைத்தான் கேட்பேன்:
பருந்து மார்க் மடக்குக்கத்தி இருக்கா,
மூக்கு வளைந்தது.

ராணிப்பேட்டையில் ஒரு தகரக் கொட்டகையில்
இருபத்தோரு வருடம் செய்தார்கள்.
எத்தனை செய்தார்கள், எதை எப்போது மாற்றினார்கள்
ஒரு துண்டுச் சீட்டும் மிஞ்சவில்லை.
கத்தியே வாய் திறந்தால்தான் உண்டு.

திறக்கும்.
மரப்பிடி, பித்தளை ஆணி இரண்டு என்றால் முந்தியது.
பிடி பேக்லைட் ஆனபோது ஆணி மூன்றானது,
நடு ஆணி மட்டும் இரும்பு, துரு காட்டிக்கொடுக்கும்.
நகம் கொடுத்துத் திறக்கிற பள்ளம்
முதலில் நெல், பிறகு பிறை.
அலகின் அடியில் வ.ஆ. மாவட்டம் என்று முத்திரை.
மாவட்டத்தை இரண்டாக உடைத்த வருடம்
புது அச்சுக்குக் காசில்லாமலோ
அலுப்பாலோ
வ.ஆ.வைச் சுத்தியலால் மழுக்கியிருக்கிறார்கள்.
ஓர் அரசாணை
என் மேசை இழுப்பறையில் எஃகாகக் கிடக்கிறது.

சர்க்கரை ஆலையில் கரும்பு வண்டிக்கு எடை எழுதுபவன் நான்.
டன்னுக்குக் கீழே என்னை யாரும் விசாரித்ததில்லை.
வீட்டில் வெர்னியர் வைத்து
மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குவரை எழுதுகிறேன்.
அதைப் பற்றிச் சுகுணா சொல்வது இங்கே வேண்டாம்.

காட்பாடி எபனேசரிடம் ஒன்று இருந்தது.
மூன்று ஆணி, மழுங்கிய முத்திரை, எல்லாம் முறைப்படி.
மூக்கு மட்டும் நான்கு மில்லிமீட்டர் குட்டை,
பருந்தில்லை, கிளி.
அலகின் மறுபக்கத்திலும் ஒரு பள்ளம், சற்றே கோணல்.
தோல் ஷாப்புக்கென்று தனி ஆர்டர், இடக்கைக்காரர்களுக்கு
என்றான் எபனேசர்.
நம்ப ஆசையாக இருந்தது, நம்பினேன்.
வகை 3-ஆ என்று நோட்டில் ஏற்றி
இரண்டு மரப்பிடிகளைக் கொடுத்து வாங்கிவந்தேன்.

பிடியில் ஊசியால் கீறிய ஓர் எழுத்து: தே.
கம்பெனிக் குறி என்றே மூன்று மாதம் இருந்தேன்.
பிறகு எபனேசருக்கு அதை விற்ற காயலான் கடைக்காரர்
பேர்ணாம்பட்டில் ஒரு தெருவைச் சொன்னார்.

தேசம்மாள் மாட்டுக்குத் தவிடு வாங்கி இறக்கிக்கொண்டிருந்தார்.
டப்பாவையும் பஞ்சையும் பார்த்துச் சிரித்தார்.
"இன்னாத்துக்கு சார் இதுக்கு மெத்த?"
இடது கையால் எடுத்தார், கோணல் பள்ளத்தில் நகம் போனது,
டக்.
என் மேசையில் ஒருநாளும் அந்தச் சத்தம் வந்ததில்லை.

"ஆர்டரா? எந்த ஆர்டரு?
கம்பேனி குத்தது மூக்கு நீட்டு சார்.
தோலு ஓரம் வெட்ட சொல்லோ சிக்கிகினு வெரலுக்கு வரும்.
இங்க பாரு.
வாரத்துக்கு ஒருக்கா கல்லுல போட்டு தேப்பேன்.
இந்தப் பள்ளம் நான்தான் அரம் வெச்சி போட்டேன்.
பதினாலு வருசம்."

விரல் தழும்பைக் கண்ணாலேயே அளந்தேன், பழக்கதோஷம்.
மனசுக்குள் வகுத்தும் பார்த்தேன்.
எழுநூற்றுச் சொச்சம் வாரம்.
வாரத்துக்கு ஒரு மில்லிமீட்டரில்
நூற்றெண்பதில் ஒரு பங்கு.
வெர்னியருக்கு அது தெரியாது.

தவிட்டு மூட்டையின் தையலை
அதே கத்தியால் ஒரே இழுப்பில் அறுத்தார்.
துடைத்து, மடக்கி, டப்பாவில் வைத்தார்.
"விலைக்குப் போவுமா?" என்றார்.
என்ன விலை சொன்னேன் என்பதை எழுத மாட்டேன்.

குடியாத்தம் தாண்டும்வரை நோட்டை மடியில் திறந்தே வைத்திருந்தேன்.
3-ஆவை அடிக்கப் பேனா எடுத்தேன்.
பஸ் குலுங்கியது. மூடிவிட்டேன்.
மரப்பிடிகளைத் திருப்பிக் கேட்கலாமா என்பதும்
ஓடிக்கொண்டிருந்தது, மறைப்பானேன்.

செவ்வாய் இரவு எபனேசர் போன் செய்தான்.
3-ஆ இன்னொன்று கிடைத்திருக்கிறதாம்,
மூக்கு ஆறு மில்லிமீட்டர் குட்டை, குரலே நடுங்கியது.
எந்த வருஷத்தது என்றுதான் எப்போதும் கேட்பேன்.

யாரோடது, என்றேன்.

லைன் கட்டாகிவிட்டதோ என்று
இரண்டு முறை அலோ சொன்னான்.