பதினேழாம் எண் உலகம்

புதுவயல் அரிசி ஆலை மாடியில்
முப்பத்தொரு உலகங்களை
பழைய வேட்டியில் மூட்டையாகக் கட்டிக்
கொண்டுவந்து இறக்கினார் செயலாளர் வயிரவன்.
அவித்த நெல் வாசனை.
மின்விசிறி சுற்றச் சுற்ற
உமித்தூசி இறங்கிக்கொண்டிருந்தது
எல்லா உலகங்களின் மேலும் ஒரே மாதிரி.

நடுவர்கள் மூவர்.
தேவகோட்டைப் பள்ளியில் இயற்பியல் எடுக்கும் அருளானந்து,
இரண்டு நாவல் எழுதி மூன்றாவதில் சிக்கிக்கொண்ட உமையாள்,
தாலுகா ஆபீஸ் நில அளவையர் நான்.
"வரைபடம் பாக்க ஒரு ஆள் வேணும்ல"
என்று கூப்பிட்டிருந்தார்கள்.

நிலம் இருபது, மக்கள் இருபது, மொழி இருபது,
முரணின்மை முப்பது.
மீதிப் பத்துக்குப் 'புதுமை' என்று அச்சடித்து
பக்கத்தில் யாரோ
கேள்விக்குறி போட்டிருந்தார்கள்.

நான்காம் உலகத்தில் இரண்டு சூரியன்.
"அப்புறம் அந்தம்மாவுக்குத் துணி காய
ஏன் சாயங்காலம் ஆகுது?"
நான்கு மதிப்பெண் குறைத்தார் அருளானந்து.
ஒன்பதில் ஆறு மலையேறியது.
ஏறட்டும்.
ஏறி எங்கே போனதென்று படத்தில் இல்லை.
பன்னிரண்டில் அரச வம்சம் மட்டும் நாற்பது பக்கம்,
குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறதென்று
ஒரு வரி கிடையாது.
"இந்தப் பக்கத்து ஆள் எழுதினதில்லை இது"
என்றாள் உமையாள்.
இருபத்திரண்டில்
கடனை இடது கையால்தான் வாங்க வேண்டும்,
அடைக்கும்வரை அந்தக் கையால்
யாரையும் தொடக்கூடாது.
கொஞ்ச நேரம்
அவரவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பதினேழு, கோடு போட்ட தாளில்
நீலப் பேனா.
ஸ்கேல் வைத்து அளந்தேன், தொழில் புத்தி.
எல்லைக்கற்கள் சரி.
வரத்துக்கால் எந்தப் பக்கம் சாய வேண்டுமோ
அந்தப் பக்கமே சாய்ந்து ஊருணியில் விழுந்தது.
முதல் விதி:
இங்கே கதவு உண்டு, பூட்டு கிடையாது.
திருட்டுக்குச் சொல் இல்லை,
ரகசியத்துக்கு மட்டும் ஏழு சொல்.

ஒன்பதாம் பக்கத்தில்
ஒரு பெண் வெளியூர் கிளம்புகிறாள்.
குடத்தைக் கவிழ்த்து வைக்கிறாள்,
கொடியில் கிடந்ததை மடித்து வைக்கிறாள்,
சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு
பஸ் ஏறுகிறாள்.

சாவி.

நான்தான் கண்டுபிடித்தேன்.
அடுத்தவர் நிலத்தில் ஒரு முழம் தள்ளி நட்ட
வேலியைப் பிடித்த மாதிரி ஒரு குதூகலம்.
முரணின்மையில் பன்னிரண்டு குறைத்து
சிவப்பில் சுழித்துக் கையெழுத்திட்டேன்.
மூன்றாம் பரிசுக்கும் எட்டாமல் போனது பதினேழு.

அன்றிரவு காரைக்குடி திரும்பும் வழியில்
ரயில்வே கேட் போட்டிருந்தது.
ஸ்கூட்டரை அணைத்துவிட்டு நின்றேன்.
பூட்டே இல்லாத ஊர்க்காரி
அந்தச் சாவியை வைத்து
எதைத் திறக்கப் போகிறாள்?
வெளியூர் என்று ஒரு இடம்
அந்தப் படத்திலேயே இல்லையே.
கல்லுக்குள் இருந்ததை மட்டும்தான்
அளந்திருந்தேன் நான்.
ரயில் போய், கேட் திறந்து,
பின்னாலிருந்த லாரி ஹாரன் அடித்த பிறகுதான்
வண்டி நினைவு வந்தது.

பரிசளிப்பன்று பதினேழுக்குப் பெயர் வந்தது.
பாண்டிமீனா, அதே ஆலையில்
எடைமேடைச் சீட்டு எழுதுகிறவள்.
மனகோலம் பொட்டலத்தோடு
கடைசி வரிசையில் நின்றிருந்தாள்.
நானாகப் போய்க் கேட்டேன்:
அந்தச் சாவி?

"ஐயோ மேடம்!
முதல்ல எழுதுனப்ப ஊர் பூரா பூட்டு இருந்துச்சு.
எல்லாத்தையும் எடுத்தேன்,
இது ஒண்ணு கண்ணுல படல.
இன்னைக்கே அடிச்சிர்றேன்."

வேண்டாம் என்று சொல்ல
வாய் எடுத்தேன்.
என் சிவப்புக் கையெழுத்து
அவள் கையில் இருந்தது.
அதற்குள் எடைமேடையில் லாரி ஏறிவிட்டது,
ஓடினாள்.

மறுநாள் பள்ளத்தூரில்
பாகப்பிரிவினைக்கு ஒரு வீடு அளக்கப் போனேன்.
பதினொரு பங்குதாரர், ஏழு பூட்டு.
ஆறு திறந்தன.
ஏழாவது அறையை
வெளிச்சுவர் சுற்றிச் சங்கிலி பிடித்து
நீளம் அகலம் போட்டுவிட்டுக்
குறிப்பில் எழுதினேன்:
சாவி வெளியூரில்.