ஒற்றைப்படை வாரங்கள்

ஒற்றைப்படை வாரங்கள் எனக்கு,
இரட்டைப்படை அஸ்லாக்குக்கு.
படகையும் மலைக்குடிலையும்
ஒரே மதியத்தில் பிரித்துக்கொண்ட நாங்கள்
லொம்பெயை மட்டும்
நாட்காட்டியிடம் ஒப்படைத்தோம்.
உருளைக்கிழங்கு ரொட்டியின் பெயர் அது.
குட்டியாக வந்தபோது அப்படித்தான் இருந்தாள்,
தட்டையாக, வெதுவெதுப்பாக, மாவுநிறத்தில்.

நாற்பத்து மூன்றாம் வாரம். என் முறை.
கழுத்துப்பட்டையை ஒரு துளை தளர்த்தும்போது
அவனைத் திட்டினேன்,
கண்டதையும் தின்னக் கொடுக்கிறான் என்று.
பிறகு விரலில் பட்டன
தாடைக்கடியில், இரண்டு பக்கமும்,
தோலுக்குள் நழுவும் திராட்சைகள்.

டாக்டர் யோருன் "லிம்ஃபோமா" என்று சொல்லிவிட்டு
தாளை எங்கள் பக்கம் திருப்பினார்.
ஊசி என்றால் பதினாறு தடவை,
ஓராண்டு கிடைக்கலாம்.
மாத்திரை மட்டும் என்றால் ஆறு வாரம், எட்டு வாரம்,
நன்றாகச் சாப்பிடுவாள்.
ஒன்றுமே வேண்டாமென்றால், என்று தொடங்கி
பேனாவை மூடினார்.
"உரிமையாளர் யார்?"
இருவரும் ஒரே நேரத்தில் வாய் திறந்தோம்,
ஒரே நேரத்தில் மூடினோம்.

எனக்கு மாத்திரை போதும்.
அந்த ஓராண்டு யாருக்கு, என்று கேட்டேன்
கார் நிறுத்துமிடத்தில்.
அவளுக்கு நாளை வியாழன் என்பதுகூடத் தெரியாது.
முதல் பனியை ஷூவால் சுரண்டிக்கொண்டே
அவன் சொன்னான்:
"உனக்கு எதுவும் சீக்கிரம் முடிந்துவிட வேண்டும்."
நாயைப் பற்றி மட்டும் அவன் சொல்லவில்லை.
நாய்க்காக மட்டும் நான் அழவுமில்லை.
திரும்பிப் போய்க் கையெழுத்துப் போட்டேன்.
செலவு பாதிப் பாதி.
அந்த மாதிரி விஷயங்களில் அவன் சுத்தம்.

தாளின் பின்பக்கத்தை
வீட்டுக்கு வந்துதான் படித்தோம், அவரவர் வீட்டில்.
ஊசிக்குப் பின் ஐந்து நாள்
சிறுநீர், வாந்தி எதையும் வெறுங்கையால் தொடாதீர்கள்.
தவழும் குழந்தை உள்ள வீடு
உகந்ததல்ல.

அஸ்லாக் வீட்டில் தீரில் தவழ்கிறாள்.
எட்டு மாதம்.
நாயின் தண்ணீர்க் கிண்ணத்தில்தான்
அவள் உலகமே இருக்கிறது.

ஆக, வேண்டும் என்றவனுக்கு ஒரு வாரமும் இல்லை.
வேண்டாம் என்றவளுக்கு எல்லா வாரமும்.

விடிகாலை நாலு மணி,
பைஜாமாவுக்கு மேல் கோட்டு, ஊதாக் கையுறை.
முற்றத்தில் அவள் குந்திய இடத்தைப்
பனியோடு வாரிப் பையில் கட்டுகிறேன்.
மூன்றாம் ஊசியில் திராட்சைகள் கரைந்தன;
தேடித் தேடிப் பார்த்தேன்,
தாடையில் தாடை மட்டும்.
நாலாவது, சிவப்பு மருந்து.
பனிமேல் ஆரஞ்சு விழுந்து
தெருவிளக்கில் என்ன அழகு.
அழகு என்று தோன்றியதற்காக
என்னை நானே மன்னிக்க
காலைவரை ஆயிற்று.

இரவு ஒன்பதுக்கு அவன் கூப்பிடுவான்.
"அவள் காதில் வை."
வைப்பேன். அவன் என்ன சொன்னான் என்று தெரியாது.
லொம்பெ குளிர்பெட்டியைப் பார்த்து வாலாட்டுவாள்.

ஐந்தாம் ஊசிக்குப் போன நாள்
கண்ணாடிக் கதவின் முன்
நாலு காலையும் ஊன்றி நின்றுவிட்டாள்.
இருபத்தெட்டுக் கிலோ மறுப்பு.
தூக்கித்தான் போனேன்.
ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு யோருன் தலையசைத்தார்:
வெள்ளணு குறைவு, இன்று முடியாது,
அடுத்த வியாழன் வாருங்கள்.

பள்ளி விடுமுறை அறிவித்ததுபோல்
என் கால்கள் லேசாகிவிட்டன, வெட்கமில்லாமல்.

டிராம் பணிமனையிலிருந்து
கிரீஸ் கையோடு வந்தான் அஸ்லாக்.
மணி மூன்றுகூட ஆகவில்லை, இருட்டிவிட்டது.
பெட்ரோல் பங்கில் தொத்திறைச்சி வாங்கினான்,
வழக்கம்போல் லொம்பெயில் சுற்றி.
அவள் இறைச்சியை விட்டுவிட்டு
முதலில் தன் பெயரைத் தின்றாள்.

அடுத்த வியாழன் வருவோமா
என்று நான் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை.
"இது எத்தனையாவது வாரம்?" என்றான்.
"ஐம்பது."
"அப்படியானால் என்னுடையது."
பின்கதவைத் திறந்து
அவளருகே ஏறி உட்கார்ந்துகொண்டான்.
எங்கே போவதென்று தெரியாமல்
வண்டியை எடுத்தேன்.