ரீடிங்

மே மாதம் நீல வரியன்கள்
கேரட் பாத்திகளுக்கு மேலே கிழக்கே போயின.
நாற்பதுவரை எண்ணி விட்டுவிட்டேன்.
பிறகு கோத்தகிரிக்கு மழை.
கோட்டுப் பையிலேயே நோட்டு ஊறிப்போனது.

நவம்பரில், இரண்டு வெயிலுக்கு நடுவே,
எலுமிச்சைத் தொட்டியில்
பறவை எச்சம்போல ஒன்பது புழுக்கள்.
கொழுந்து போயிற்று, ஊறுகாய் ஆசையும்.
ஒன்று மட்டும் சுவரேறி
மின்மீட்டர் கண்ணாடியில்
இடுப்பில் ஒரு நூல் கட்டிச் சாய்ந்துகொண்டது
கடைசி மூன்று எண்களின் மேல்.

ஜனவரி.
மிதித்தால் புல் நொறுங்கும் காலை.
நோட்டில் பூஜ்யம் எழுத மனமில்லாமல்
கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.
ரீடிங் எடுக்க வந்த ஹாலன்
மப்ளரை இறக்கிவிட்டு எட்டிப் பார்த்தார்.
பேனாவை நீட்டினார்,
மடக்கிக்கொண்டார்.
"உயிர் இருக்கா?"
"தெரியல."
வாசலில் நான் நிற்கும்போதே
என்னிடம் அட்டையை வாங்கி
'கதவு பூட்டியிருந்தது' என எழுதித் தந்தார்.

மார்ச்சில் ஒருநாள்
நான் பள்ளிக்கூடத்தில் விடைத்தாள் திருத்திய நேரத்தில்
நடந்து முடிந்திருக்கிறது.
டீச்சக்கை நிறத்தில் வெறும் கூடு,
முதுகில் ஒரு கீறல்.
அதன் வழியே மங்கலாக மூன்று எண்கள்.

ஹாலன் தொடாமலே படித்துக்கொண்டார்.
"நாலு மாசத்துக்கும் சேர்த்து வரும் டீச்சர்."
கேட்டைச் சாத்தியவர் உடனே நகரவில்லை,
வேலிக்கு மேலே
இங்குமங்கும் பார்த்துக்கொண்டு நின்றார்.