எச்சம் என்ன நிறம்

மணலி சாலையில் எடைமேடை என் வேலை.
நாற்பது டன் கண்டெய்னர் ஏறும், இறங்கும்,
சீட்டைக் கிழித்துக் கொடுப்பேன்,
நிமிர்ந்து பார்க்க மாட்டேன்.
ஞாயிற்றுக்கிழமை மட்டும்
கொருக்குப்பேட்டை மொட்டைமாடியில்
நகைக்கடைத் தராசோடு உட்கார்வேன்.
ஒரு காக்டெயில்
தொண்ணூறிலிருந்து எண்பத்தெட்டுக்கு இறங்கியிருந்தால்
அந்த இரண்டு கிராமுக்கு
எட்டுப் பேர் முகம் வாடும்.

எட்டுப் பேர் என்றேன்.
பேர் கேட்காதீர்கள்.
ஜாங்கிரி அம்மா காசிமேட்டில் ஏலம் எடுப்பவள்,
கடம்பா ஓட்டை உப்புப் போக அலசிக் காயவைத்து
பை பையாய்க் கொண்டுவருவாள்,
காசு நீட்டினால் திட்டுவாள்.
டப்பு அண்ணன் வெல்டர்.
கம்பி இடைவெளி அரை அங்குலம் தாண்டினால்
அடுத்தவர் கூண்டையும் அறுத்துத் திரும்பப் பற்றவைப்பார்.
மிக்கி–ஜூலி அக்கா
பிராட்வே சந்தையில் ஜோடி என்று வாங்கினாள்.
ஆறு மாதம் முட்டைக்குக் காத்திருந்தோம், எல்லோரும்.
இரண்டும் ஆண்.

என்ன பேசுவோம்?
சூரியகாந்தி விதை கொழுப்பு, தினைதான் சரி என்று ஒரு கட்சி.
வெந்த சோளம் என்று எதிர்க்கட்சி.
எங்களில் யாரும் கண்ணால் பார்த்திராத அவகாடோ
கிளிக்கு விஷம் என்பதில் மட்டும் ஒற்றுமை.
எச்சத்தின் நிறம் பேசிக்கொண்டே பஜ்ஜி தின்போம்.
கீழே ரயில்வே கேட் விழும், கூட்ஸ் ஊதும்,
அது போன பிறகும்
எட்டுக் கூண்டிலிருந்தும் ஊதிக்கொண்டே இருக்கும்.

ஒரு ஞாயிறு பிஸ்தா மட்டும் வந்தது.
யாரோ ஒரு பையன்
கூண்டைப் படியில் வைத்து
"ஸ்டான்லில சேத்துட்டாங்க" என்று சொல்லி
கேட் விழுவதற்குள் ஓடிப்போனான்.

"பேஷண்ட் பேர்?"
ஜன்னலுக்கு அந்தப்பக்கம் பேனா காத்திருந்தது.
நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.
நாலு வருஷப் பழக்கம்.
பிஸ்தாவுக்கு வலது காலில் நகம் ஒன்று குறைவு, தெரியும்.
அது கொய்யாவை விதைக்காக மட்டும் குடைவது தெரியும்.
"வயசாவது?"
நாலு என்று சொல்ல வாயெடுத்து மிக்கி–ஜூலி அக்கா நிறுத்திக்கொண்டாள்.
"அப்பா பேர்?"
"அவரேதாங்க அப்பா" என்றார் டப்பு அண்ணன்.
அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

பார்வை நேரம் முடிய இருபது நிமிடம்.
ஆண்கள் வார்டு ஒவ்வொன்றாய் நடந்தோம்.
படுத்துவிட்டால் எல்லா ஆண்களும் ஒரே மாதிரி,
அதே கன்னம், அதே போர்வை.
மூன்றாவது வார்டில்
ஜாங்கிரி அம்மா உதட்டைக் குவித்து விசிலடித்தாள்.
பிஸ்தாவுக்கு அவர் சொல்லிக்கொடுத்த நாலு சுரம்,
கடைசிச் சுரம் கொஞ்சம் பிசகும்,
அந்தப் பிசகோடு.
"இது ஆஸ்பத்திரியா, மாட்டுச் சந்தையா?"
நர்ஸ் கத்தினாள்.
கடைசிக் கட்டிலுக்கு இரண்டு முன்னால்
போர்வைக்குள்ளிருந்து
ஊசி குத்திய கை ஒன்று வெளியே வந்தது.
ஆள்காட்டி விரல் குறுக்காக நீண்டு
அப்படியே நின்றது,
ஏதோ வந்து உட்காரப் போவதுபோல.

மூக்குக் குழாயை விலக்கி அவர் கேட்டது:
"எச்சம் என்ன நிறம்?"
"பச்சைதான். நடுவில் வெள்ளை. கெட்டியா இருக்கு."
"எடை?"
"அறுபத்தேழு."
கண்ணை மூடிக்கொண்டார்.
கட்டில் தலைமாட்டில் பேர் எழுதித் தொங்கியது.
எல்லோரும்தான் படித்தோம்.
பஸ் ஸ்டாப் வருவதற்குள்
ஒருவருக்கும் நினைவில்லை.

பதினெட்டு நாள் பிஸ்தா என் வீட்டில்.
இரவு ஷிப்டு முடிந்து வந்து படுத்தால்
இருட்டுக்குள் ஓர் ஆண் இருமுவான்,
நெஞ்சுச் சளி, நீண்ட இழுப்பு, கடைசியில் ஒரு முனகல்.
முதல் நாள் அரிவாள்மனையை எடுத்துவிட்டேன்.
பிறகு பழகிவிட்டது.
இருமல் கேட்காத அன்றுதான்
எழுந்து போய்த் துணியை விலக்கிப் பார்ப்பேன்.

அவர் வந்துவிட்டார். மாடி ஏறுகிறார்,
நடுப்படியில் ஒருமுறை நின்று.
மாத்திரையில் இருமல் முழுதும் நின்றுவிட்டதாம்.

பிஸ்தாவுக்கு இன்னும் நிற்கவில்லை.
அது இருமும்போதெல்லாம்
கொஞ்சம் சுடுதண்ணீர் கொண்டா என்று
அவரிடமே சொல்கிறோம்.